தமிழ்க் கட்டுகள் மட்டும் 413 பிழையோடு திரும்பி வருகின்றன

ஈசூன்வாசி:
பழைய இதழ்க் கட்டுரைகள் 300,000-ஐ எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். என் பைத்தான் நிரல் 20 மில்லியன் எழுத்துகள் சேர்ந்ததும் ஒரு கட்டாக்கி பல்க் முறையில் (பல ஆவணங்கள் ஒரே கோரிக்கையாக) அனுப்புகிறது. 20 எம்பிதானே, வரம்பு 100 எம்பி ஆயிற்றே என்று நம்பினேன். ஆங்கிலக் கட்டுகள் சிரமமின்றி ஏறுகின்றன. தமிழ் மட்டும் 413, அதாவது 'அனுப்பியது அளவுக்கு மிஞ்சியது' என்ற பிழை. மூன்று இரவுகளாக வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மடிக்கணினி விசிறி அலறுகிறது. அம்மா அதை அணைக்கச் சொல்லிவிட்டார். தேடுபொறிக்குத் தமிழ் ஆகாதா?

தேக்கா அண்ணாச்சி:
தம்பி, தேடுபொறி மேல் பழி போட வேண்டாம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'கு' என்பதே இரண்டு குறியீடு ('க', உகரக் குறி), ஆக ஆறு பைட். இது பாதிக் கதைதான். தரவை ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் பைத்தான் தொகுதி, நாம் தடுக்காவிட்டால், தமிழை அப்படியே எழுதாது. ஒவ்வொரு குறியீட்டையும் பின்சாய்வு, யு, நான்கு இலக்கம் என்று விரித்துவிடும். ஒரு குறியீட்டுக்கு ஆறு பைட்! உங்கள் 20 எம்பி அங்கே 100-ஐத் தாண்டிவிடுகிறது. அந்தத் தொகுதியில் என்ஷ்யூர் ஆஸ்கி (ensure_ascii) என்ற அமைப்பை ஃபால்ஸ் (False) ஆக்குங்கள். எழுத்தை எண்ணாமல், அனுப்பப்போகும் பைட்டை எண்ணுங்கள்.

வரம்பு 100 என்பதற்காக 99 அனுப்பவும் வேண்டாம். 5 எம்பியில் தொடங்கி, வேகம் கூடும்வரை ஏற்றிப் பாருங்கள். ஏற்றும்போது தேடல் திரையைத் திறந்து வைத்து வேடிக்கை பார்க்கிறீர்களா? அப்படியானால் நொடிக்கொரு முறை, புதிதாக ஏறியதைத் தேடலில் காட்டும் புதுப்பிப்பு நடக்கும். புதுப்பிப்பு இடைவெளியை -1 (அதாவது நிறுத்தம்) ஆக்கி, முடிந்ததும் பழையபடி மாற்றுங்கள். தரவின் நகல்களை (ரெப்ளிகா) 0 ஆக்கும் யோசனை பல சேவையகம் வைத்திருப்பவர்களுக்கு. ஒற்றை மடிக்கணினியில் அதனால் பயனில்லை.

ஈசூன்வாசி:
அண்ணா, வேடிக்கை பார்த்தது உண்மைதான். 8 எம்பி கட்டுகளாக்கினேன், 413 ஒன்றுகூட இல்லை. ஆனால் எண்ணிக்கையில் 1,412 கட்டுரைகள் குறைகின்றன. எல்லாக் கட்டுக்கும் 200, அதாவது 'சரி' என்றே பதில் வந்தது.

பொங்கோல் கயல்:
அந்த 200-ஐ நம்பாதீர்கள், தபால்காரர் மூட்டையை வாங்கிக்கொண்டார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பதிலின் உள்ளே எரர்ஸ் என்ற புலம் ட்ரூ என்றிருந்தால், ஒவ்வொரு ஆவணத்தின் நிலை எண்ணையும் பாருங்கள். 429 என்றால் சேவையகம் திணறுகிறது. சற்றுப் பொறுத்து, அந்த ஆவணங்களை மட்டும் மறுபடி அனுப்பலாம். 400 என்றால் ஆவணத்திலேயே கோளாறு, நூறு முறை அனுப்பினாலும் ஏறாது. ஆவண எண்ணை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்தானே? தானாக உருவாகும் எண் வேகமானது, ஆனால் மறுபடி அனுப்பும்போது ஒரே கட்டுரை இரண்டாகிவிடும்.

இன்னொன்று: 'கொ'வில் வரும் ஒகரக் குறி சில கோப்புகளில் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும், சிலவற்றில் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரு தனிக் குறியீடுகளாகவும் இருக்கும். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒருமைப்படுத்திவிட்டே ஏற்றுங்கள். பிறகு தெரிந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதுதான். எனக்கு அப்படி ஒரு வார இறுதி போயிற்று.

ஈசூன்வாசி:
பார்த்துவிட்டேன் அக்கா. 1,412-உம் 400. தேதிப் புலத்தில் தேதி இல்லை, 'பொங்கல் மலர்' என்றும் 'சித்திரை இதழ்' என்றும் இருக்கிறது. அட்டையில் இருந்ததை அப்படியே தட்டச்சு செய்தவன் நானேதான். இதழ்ப் பெயருக்குத் தனிப் புலம் வைத்து, என்எஃப்சியும் செய்து, இன்றிரவு மறுபடி ஏற்றுகிறேன். விசிறிச் சத்தத்துக்கு அம்மாவிடம் அனுமதி வாங்கியாயிற்று.