ஈரச் சாணத்தை நேரடியாகப் பாத்தியில் போடலாமா?

செம்மண்: வீட்டுத் தோட்டத்தில் கீரை, முள்ளங்கி, தக்காளி போடப் போகிறேன். தெரிந்தவர் ஒருவர் தொழுவத்திலிருந்து இரண்டு மூட்டை ஈரச் சாணம் கொடுத்தார். மண்ணோடு கொத்திவிட்டு அடுத்த வாரமே விதைக்கலாமா, மக்க வைக்கணுமா?

ஏர்முனை: தாராளமாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் தலைமுறையாக அப்படித்தான். குவித்து வைத்தால் தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும், மழை வந்தால் மிச்சமும் கரைந்து ஓடும். சத்து போன எருவைப் போட்டு என்ன பயன்?

வேர்ப்பிடி: ஏர்முனை அண்ணா, சத்து போகிறது என்பது உண்மைதான். ஆனால் அவர் கேட்பது கீரைக்கும் முள்ளங்கிக்கும். மாடு நன்றாக மேய்ந்து திரிந்தாலும் அதன் குடலில் ஈ.கோலை ஓ157 என்ற நோய்க்கிருமி இருக்கலாம். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, மனிதருக்கு இரத்தபேதி வரும், சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகமே கெடலாம். முள்ளங்கியைப் பச்சையாகக் கடிக்கிற வீடுகள் இல்லையா? அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மக்காத சாணம் போட்டால் மண்ணைத் தொட்டு விளைவதற்கு அறுவடைக்கு முன் 120 நாள், மற்றதற்கு 90 நாள் இடைவெளி வேண்டும். கீரை ஒரு மாதத்தில் தட்டுக்கு வந்துவிடும்.

ஏர்முனை: அது விற்பனைக்கு விளைவிக்கிற பண்ணைக்கான விதி. நம் நான்கு பாத்திக்கு அதைக் கொண்டுவருவது அதிகம்.

வேர்ப்பிடி: கிருமிக்குப் பண்ணை, வீடு தெரியாது. வீட்டில் சாப்பிடுவது நம் பிள்ளைகள்தான், அங்கே எதற்குத் தளர்வு?

சருகு: மக்க வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. குவியல் சூடேறினால்தான் கிருமியும் களை விதையும் சாகும். 55 டிகிரிக்கு மேல் பதினைந்து நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். அந்தச் சூடு பிடிக்கக் குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருக்கணும். இரண்டு மூட்டை சாணத்தோடு அதைப்போல இருமடங்கு காய்ந்த இலை சேர்த்தாலும் அவ்வளவு வராது. செம்மண் அவர்களே, உங்கள் குவியல் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அப்படியென்றால் ஆறு மாதமாவது மூடி வைத்து, ஈரம் காக்கவேண்டும். பிறகும் முதலில் தக்காளிக்குப் போடுங்கள், கீரைக்குக் கடைசியில். கோழி எச்சம் கிடைத்தால் இன்னும் கவனம்: தழைச்சத்து அதிகம், மக்காமல் போட்டால் வேரையே கருக்கிவிடும்.

ஏர்முனை: சரி, சூடு பிடிக்காது என்பதை ஏற்கிறேன். அந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பூச்செடிக்கும் மரத்துக்கும் பச்சையாகவே போடுவேன், தண்டிலிருந்து தள்ளி.

வேர்ப்பிடி: அதில் எனக்கும் சண்டை இல்லை, அண்ணா.

பயறு: யாரும் சொல்லாத ஒன்று. மாடு தின்ற புல்லில் அமினோபைரலிட் வகைக் களைக்கொல்லி அடித்திருந்தால் அது வயிறு வழியாகச் சாணத்துக்கு வரும். மக்கினாலும் எளிதில் போகாது. தக்காளி, அவரையின் இளந்துளிர் சுருண்டு நூல்நூலாக வரும். போன வருடம் எனக்கு அப்படி ஒரு பாத்தி முழுக்கக் கெட்டது. வியாதி என்று நினைத்து என்னென்னவோ தெளித்தேன்.

செம்மண்: இது பயமாக இருக்கிறதே. எப்படிக் கண்டுபிடிப்பது?

பயறு: மக்கிய எருவை மண்ணோடு கலந்து இரண்டு தொட்டியில் அவரை விதையுங்கள். அப்புறம் வெறும் மண்ணில் இன்னொரு தொட்டி. மூன்று நான்கு வாரம் பாருங்கள். எருத் தொட்டியில் மட்டும் துளிர் சுருண்டால் அந்த மூட்டையைப் பாத்திப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கொடுத்தவரிடம் புல் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.

செம்மண்: நாளையே கேட்கிறேன். சாணத்தைச் சருகோடு அடுக்கி மூலையில் மூடி வைக்கிறேன். இந்தப் பருவக் கீரை எருவில்லாமலே போகட்டும்.