மறு: 'கிரகண மின்சாரம்' சரியான சொல்தானா?

அறிவியல் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> கிரகண நேரத்தில் தரையருகே காற்றின் மின்நிலை மாறுவதற்குக் 'கிரகண மின்சாரம்' என்றே வைத்துவிடலாமா? சுருக்கமாக இருக்கிறது.

தைப்பிங் அக்கா, சுருக்கம்தான். ஆனால் கேட்பவருக்குக் கிரகணமே மின்சாரத்தைக் கொண்டுவருவதாகத் தோன்றும். உண்மையில் காற்றில் ஒரு மின்புலம் (மின்விசை செயல்படும் வெளி) எந்நாளும் இருக்கிறது. இடிமேகம் இல்லாத திறந்தவெளியில், தரையருகே மேலே போகப்போக மீட்டருக்கு ஏறக்குறைய 100 வோல்ட் வீதம் மின்னழுத்தம் கூடுகிறது. உலகெங்கும் நிகழும் இடிமழைகள் மேல் வளிமண்டலத்தைத் தரையைவிடச் சுமார் 250,000 வோல்ட் உயர்வில் வைத்திருக்கின்றன. இடியில்லாத இடங்களில் அந்த மின்னேற்றம் காற்று வழியாக மெல்லத் தரைக்குக் கசிகிறது. 1920களிலேயே ஸ்காட்லாந்து இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் இந்தச் சுற்றோட்டத்தை முன்வைத்தார்.

கிரகணம் செய்வது வேறு. மலேசியாவில் எங்கள் குளுவாங் பக்கம் நண்பகலில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துச் செம்மண் சாலை கொதிக்கும். சூடான தரை காற்றை மேலே கிளப்புகிறது. மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் தூசியும் நீராவியும் அதோடு ஏறிக் கலைந்துவிடுகின்றன. சூரியன் மறைய மறையத் தரை ஆறுகிறது, ஏற்றம் தளர்கிறது. ரேடான் கீழேயே தங்கினால் அதன் கதிர்வீச்சு காற்றில் கூடுதல் அயனிகளை (மின்னேற்றத் துகள்களை) உண்டாக்கும். காற்று மின்சாரத்தைக் கடத்தும் திறன், அதாவது கடத்துதிறன், உயர்ந்து மின்புலம் குறையும். புகையும் தூசியும் தங்கினாலோ அயனிகள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். கடத்துதிறன் குறைந்து மின்புலம் கூடும். அதனால்தான் ஓர் ஊரில் இறங்கியது இன்னோர் ஊரில் ஏறியதாகப் பதிவாகிறது. ஆகவே கலைச்சொல்லில் 'உயர்வு', 'வீழ்ச்சி' இரண்டுமே வரக்கூடாது.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2019 டிசம்பர் 26 அன்று இங்கே சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. ஜொகூரின் தென்முனையான தஞ்சோங் பியாயில் வளையமாகவே தெரிந்தது. அன்றும் தோட்டத்து வீடுகளில் கர்ப்பிணிகளை வெளியே விடவில்லை, தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த வீடுகளுக்குள் 'கிரகண மின்சாரம்' என்ற சொல்லை அனுப்பினால், பழைய பயத்துக்கு நாமே அறிவியல் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

> 'சூரிய மறைப்புசார் வளிமண்டல மின்னியல் மாறுபாடு' பிழையற்றது.

கோவை ஐயா, பிழையில்லை. ஆனால் படிவம் மூன்று (இடைநிலைப் பள்ளி) மாணவர் இதைப் பாதியிலேயே விட்டுவிடுவார்.

என் பரிந்துரை: எப்போதும் இருப்பதற்கு 'அமைதி வானிலை மின்புலம்', அதில் வரும் மாற்றத்துக்குக் 'கிரகணக்கால மின்புல மாற்றம்'. இரண்டாவதில் 'கால' என்ற சொல்தான் முக்கியம். கிரகணம் அங்கே நேரத்தை மட்டும் குறிக்கிறது, மாறுவது மின்புலம். 'நல்வானிலை மின்புலம்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். பால்மரம் (ரப்பர் மரம்) சீவுகிறவருக்கு மழையில்லாத விடியல் நல்ல வானிலை, கீரை போட்டவருக்கு மழைதான் நல்ல வானிலை. 'அமைதி' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. இடி, மழை, பலத்த காற்று எதுவும் இல்லாத நிலை என்று நேராகப் புரிகிறது.

அப்புறம், மின்புலத்தை அளக்கும் 'ஃபீல்டு மில்' கருவிக்குப் 'புல ஆலை' வேண்டாமே. எங்கள் ஊரில் ஆலை என்றால் செம்பனை எண்ணெய் ஆலைதான். தரையிணைப்புள்ள தகடு சுழன்று உணர்தகட்டை மூடி மூடித் திறப்பதால் அது அளக்கிறது. 'சுழல்தகட்டு மின்புலமானி' எனலாம்.

2031 மே 21 அன்று ஒரு வளைய கிரகணம் தென்னிந்தியா, இலங்கை, மலேசியா மூன்றையும் தொட்டுப் போகிறது. மூன்று நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே நாளில் அளந்து, ஒரே சொல்லில் எழுத வாய்ப்பிருக்கிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். 'மாற்றம்' என்பதற்குப் பதில் 'வேறுபாடு' போடலாமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

குளுவாங்கிலிருந்து,
ஓர் அறிவியல் ஆசிரியர்