கொல்லைச் சுவர் ஓதம்: புதுப்பிப்பு

கும்பகோணத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டின் கொல்லைச் சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறுகிறது, எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் உரிகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி சிமென்ட் பூச்சைக் கொத்திப் பார்த்தோம். உள்ளே பழைய சுண்ணாம்புக் காரை, நசநசவென்று ஈரம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். 10 வருடம் முன்பு நான்தான் சிமென்ட் பூசி அதன் மூச்சை அடைத்திருக்கிறேன். சரி, இப்போது மறுபடி சுண்ணாம்புப் பூச்சுதான். சுண்ணாம்பில் கலக்கக் கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த அண்டாவைச் சுற்றி ஒரே எறும்பு! ஈரம் வந்த வழியும் தெரிந்தது: துவைக்கிற கல்லின் தண்ணீர் அஸ்திவாரத்தை ஒட்டியே தேங்கியிருக்கிறது. வாய்க்காலை வாழைப் பக்கம் திருப்பியாயிற்று. கிணற்றடி வேலை தைக்கு அப்புறம்தான், கையில் காசில்லை.