மறு: கார்மைக்கேல் எண்ணுக்குத் தமிழ்ச் சொல்: முற்றுப்போலி?

> 'போலிப் பகா எண்' ஏற்கெனவே இருக்கிறதே. இதற்குத் தனிச்சொல் எதற்கு?

இரண்டும் ஒன்றல்ல ஐயா. ஃபெர்மா சோதனையில், ஏதேனும் ஓர் எண்ணை (அடிமானம்) எடுத்து, சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைத்து வரும் அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுப்போம்; மீதி 1 வந்தால் தேறியது. ஓர் அடிமானத்தில் இப்படித் தேறிவிடும் பகு எண் போலிப் பகா எண்; அடிமானத்தை மாற்றினாலும் தேறுவது கார்மைக்கேல் எண். 341 = 11 × 31, பகு எண். 2-இன் 10ஆம் அடுக்கு 1024. அதை 341-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 340ஆம் அடுக்குக்கும் மீதி 1தான். ஃபெர்மா சோதனையில் தேறிவிடுகிறது. அடிமானத்தை 3 ஆக்கினால் மீதி 56, குட்டு உடைந்துவிடும். அதனால் 'அடிமானம் 2-க்குப் போலிப் பகா எண்' என்று அடிமானத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கார்மைக்கேல் எண்ணான 294409-இடம் அடிமானத்தை மாற்றிப் பயனில்லை. அது 37 × 73 × 109. ஒரு காரணியும் இருமுறை வரவில்லை. காரணிகளில் ஒன்று குறைத்தால் 36, 72, 108. மூன்றும் 294408-ஐ மீதியின்றி வகுக்கின்றன (ஈவு 8178, 4089, 2726). கார்மைக்கேல் எண்ணுக்குக் கணிதர் கோர்செல்ட் 1899இல் தந்த நிபந்தனை இதுவே.

அறம், அறன் ஆவது கடைப்போலி. ஐந்து, அஞ்சு ஆவது முற்றுப்போலி. இலக்கணத்தில் போலி என்றால் ஏமாற்று அல்ல, ஒன்றின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வது. இந்த எண்களும் சோதனையில், எந்த அடிமானத்திலும், பகா எண்ணின் இடத்தில் நிற்பவை. 'பொய்ப் பகா எண்' என்பதைவிட இது எவ்வளவோ பொருத்தம். ஆள்பெயரும் இங்கே சரியாக உட்காரவில்லை: 561 முதலான ஏழு எண்களைக் கணிதர் ஷிமெர்கா 1885இலேயே பட்டியலிட்டார், கார்மைக்கேல் எழுதியது 1910இல்.

——

> முற்றுப்போலி

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் 'முற்று' இடிக்கிறதே? அடிமானம் 37 என்றால் 294408ஆம் அடுக்குக்கு மீதி 1 வராது. சார்பகா எண்களுக்கு (294409-உடன் 1 தவிரப் பொதுக் காரணி இல்லாதவை) மட்டுமே வரும். ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையையும் இது ஏமாற்றும் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது.

——

முதல் சிக்கல் வரையறையில் தீரும். அடுக்கை 294408 என்று கொள்ளாமல் 294409 என்று கொண்டால், 37 உட்பட எந்த அடிமானத்துக்கும், அந்த அடிமானத்தையே 294409-ஆல் வகுத்தால் வரும் மீதியே வரும். அப்போது 'முற்று' சொல்லுக்குச் சொல் உண்மை.

இரண்டாவது எச்சரிக்கை அவசியமானது, எடுத்துக்காட்டோடு சேர்ப்போம். மில்லர்–ராபின் சோதனையில் 294408-ஐ 2-இன் அடுக்காகவும் ஒற்றை எண்ணாகவும் பிரிப்போம்: 294408 = 8 × 36801. 2-இன் 36801ஆம் அடுக்குக்கு மீதி 512. அதன் வர்க்கம் 262144. மறுபடி வர்க்கப்படுத்தினால் மீதி 1. பகா எண்ணாக இருந்தால் 1-க்கு முந்தைய படியில் 294408 நின்றிருக்க வேண்டும், நிற்பதோ 262144. அதில் ஒன்று குறைத்து 294409-உடன் மீப்பெரு பொதுக் காரணி கண்டால் 73, காரணியே கையில் கிடைக்கிறது. இதிலும் தப்பும் பகு எண்களை 'வன்போலி' என்போம், அடிமானத்தைக் குறிப்பிட்டு.

பதிவு இப்படி: முற்றுப்போலி எண் — எந்த அடிமானத்தையும் அந்த எண்ணையே அடுக்காகக் கொண்டு உயர்த்தி அதனால் வகுத்தால், அடிமானத்தை வகுத்தால் வரும் மீதியே வரும் பகு எண், கார்மைக்கேல் எண் எனவும் வழங்கும்.