கிரீன் டீ குடித்தும் எடை குறையவில்லையே, ஏன்?

கேள்வி: காரைக்குடி வாசகி

வணக்கம். எனக்கு வயது 44, எடை 78 கிலோ. சிங்கப்பூரிலிருந்து என் நாத்தனார் அனுப்பிய கிரீன் டீயைக் கடந்த மூன்று மாதங்களாக நாளுக்கு மூன்று வேளை, சாப்பிட்டு முடித்த உடனே, வேளைக்கு இரண்டு தேக்கரண்டி தேன் கலந்து குடித்து வருகிறேன். உணவோடு சேர்ந்தால்தான் கொழுப்பு கரையும் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் அரைக் கிலோகூடக் குறையவில்லை. இரத்தச் சோகைக்காக மதிய உணவுக்குப் பின் இரும்புச் சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். அசதியோ கூடிக்கொண்டே போகிறது. கிரீன் டீச் சாற்றை மாத்திரையாக விற்கிறார்களே, அதை வாங்கிப் பார்க்கலாமா?

பதில் 1: தேவகோட்டை மருந்தாளுநர்

சகோதரி, முதலில் இரும்பு மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எடையைவிட அது அவசரமானது. தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு பிணைந்து, குடல் அதை உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. மாத்திரையை விழுங்கிய கையோடு கிரீன் டீ குடித்தால் மருந்தின் பயனில் ஒரு பகுதி வீணாகிறது. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். அசதி நீடிப்பதால் ஹீமோகுளோபின் அளவை மீண்டும் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி எடைக்கு வருகிறேன். கிரீன் டீயில் காஃபீனும், கேட்டகின் வகையைச் சேர்ந்த ஈஜிசிஜி என்ற பொருளும் உள்ளன. உடலின் எரிசக்திச் செலவைத் தூண்டும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சிதைக்கும் நொதியை ஈஜிசிஜி மட்டுப்படுத்துவதால் அந்தத் தூண்டல் சற்று நீடிக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 150 மில்லிகிராம் காஃபீனும் 270 மில்லிகிராம் ஈஜிசிஜியும் கொண்ட சாற்றைப் பத்து ஆண்களுக்குக் கொடுத்தபோது, அவர்களது ஒரு நாள் எரிசக்திச் செலவு ஏறத்தாழ 4 விழுக்காடு, அதாவது சுமார் 80 கலோரி கூடியது. நீங்கள் சேர்க்கும் ஆறு தேக்கரண்டி தேனில் மட்டும் 120 கலோரிக்குக் குறையாமல் இருக்கிறது. இலை செலவழிக்க உதவுவதைவிட அதிகமாகத் தேன் உள்ளே சேர்த்துவிடுகிறது.

பல ஆய்வுகளை ஒருசேர ஆராய்ந்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2012-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளில் சராசரி எடைக் குறைவு 0.04 கிலோ, அதாவது 40 கிராம்தான் என்று காட்டியது. நீங்கள் ஏதோ தவறாகக் குடித்ததால் எடை குறையவில்லை என்று வருந்த வேண்டாம்.

பதில் 2: கானாடுகாத்தான் ஆச்சி

தங்கச்சி, நானும் தேன் இல்லாமல் குடிக்க முடியாமல் திண்டாடியவள்தான். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி இலையை நெடுநேரம் ஊறவிட்டதே கசப்புக்குக் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடித்துவிட்டால் தேன் தேவைப்படாது.

காலையும் மாலையும் சர்க்கரை போட்டுக் குடித்த பால் டீயை விட்டுவிட்டு அந்த இடத்தில் இதைக் குடித்தேன். வெயில் ஏறுமுன் ஊருணியைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்தேன். சீயமும் அதிரசமும் இருக்கும் சம்படத்தை மாலை வேளையில் திறப்பதை நிறுத்தினேன். ஓராண்டில் நான்கு கிலோ குறைந்தது. அந்தப் பெருமையை இலைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விட்ட சர்க்கரையும் நடந்த நடையும்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்: காரைக்குடி வாசகி

மிக்க நன்றி. தேனை இன்றே நிறுத்திவிடுகிறேன், ஆச்சி. மாத்திரை வடிவத்தைப் பற்றி மட்டும் ஐயா சொல்ல வேண்டும். இரவு உணவுக்குப் பின் குடிப்பதால் தூக்கம் கெடுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 3: தேவகோட்டை மருந்தாளுநர்

மாத்திரையை வாங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். கோப்பையில் குடிக்கும் கிரீன் டீ பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது. செறிவூட்டிய சாறு அப்படியன்று. துணை உணவாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈஜிசிஜி உட்கொள்வது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளை இரத்தத்தில் உயர்த்தக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், இரத்த அழுத்தத்துக்கான நாடோலால் போன்ற மருந்துகளை உண்போர் கோப்பையளவு கிரீன் டீயைக்கூட மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

காஃபீன் இருப்பதால் இரவுக் கோப்பை தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். அதை விட்டுவிட்டுக் காலை பதினொரு மணிக்கு ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மதிய மாத்திரையிலிருந்தும் தள்ளியே இருக்கும்.