மறுமொழி: ரெப்ளிகேஷனுக்குத் 'தொடர்படியாக்கம்'

எல்லோருக்கும் வணக்கம். தரவுத்தளக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இழையில், ஒரு தரவுத்தளத்தை இன்னொரு சேவையகத்திலும் (சர்வர்) இடைவிடாமல் அப்படியே வைத்திருக்கும் ரெப்ளிகேஷன் பற்றித் தம்பி எழுதியது இது:

> ரெப்ளிகேஷனுக்குப் 'பிரதியாக்கம்' போதும். யாழ்ப்பாணத்தில் பிரதி என்ற சொல் தெரியாதவர் இல்லை.

தம்பி, சொல் பழகியது என்பது சரி. ஆனால் பிரதி என்றதும் ஒருமுறை எடுத்து முடித்த நகல்தான் மனதில் வரும். நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கித்தான் பாடம் தேர வேண்டியிருந்தது. பிரதிகள் அப்படித்தான், தனித்தனியே கிடந்து வேறுபட்டுப் போகும். தரவுத்தளத்தில் ஒரு வரி மாறினால் அந்த மாற்றம் அடுத்த சேவையகத்துக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் மாற்றங்களை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதுகிறது. 2010இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து அந்தப் பதிவேடு ஓடையாக மற்றச் சேவையகத்துக்குப் பாய்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேக்கப்புக்குக் 'காப்புப்பிரதி' என்கிறோம். ரெப்ளிகேஷனுக்கும் பிரதியாக்கம் என்றால், படிக்கும் பிள்ளைகள் இரண்டும் ஒன்றென்று நினைப்பார்கள். யாராவது தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் உடனே மறுபக்கம் போய்விடும். காப்புப்பிரதிதான் அப்போது கைகொடுக்கும். ஆகவே தொடர்படியாக்கம், அதில் விளைவது தொடர்படி. படி என்றால் படிக்கட்டு நினைவுக்கு வராதா என்று அக்கா கேட்டிருந்தார். கையெழுத்துப்படி, அச்சுப்படி என்று ஏற்கெனவே புழங்குகிறோமே, குழப்பம் வராது.

ஓர் இயந்திரம் விழுந்தாலும் சேவை நிற்காதிருக்கும் ஹை அவெய்லபிலிட்டிக்கு 'உயர் கிடைப்புத்தன்மை' வாயில் நுழையவில்லை. 'இடையறாமை' என்போம். வேலையைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்ஸிங்குக்குச் 'சமநிலை' வேண்டாம், 'சுமைப் பகிர்வு' போதும். பெரிய இயந்திரத்துக்குக் கூடவும் சிறியதற்குக் குறையவும் கொடுப்பதும் அதில் அடங்கும்.

ரெப்ளிகேஷனின் இரு வகைகளான சிங்க்ரனஸ், அசிங்க்ரனஸ் இரண்டும்தான் கடினம். அசிங்க்ரனஸுக்கு 'ஒத்திசைவற்ற' என்றால் தரவு பிசகியது போலத் தொனிக்கிறது. உண்மையில் வேறுபாடு, மாற்றங்களை முதலில் ஏற்கும் முதன்மைச் சேவையகம் மறுபக்கத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கிறதா என்பதில். சிங்க்ரனஸில் காத்திருக்கும், அசிங்க்ரனஸில் காத்திருக்காது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முதன்மை யாழ்ப்பாணத்திலும் தொடர்படி கொழும்பிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி போய் வரவே 4 மில்லிசெக்கன் பிடிக்கும், நடைமுறையில் அதைவிடக் கூட. காத்திருந்தால் ஒவ்வொரு பில்லும் அவ்வளவு நேரம் நிற்கும். காத்திருக்காவிட்டால் வேகம் கிடைக்கும், ஆனால் யாழ்ப்பாணத்து இயந்திரம் விழுந்தால் கடைசிச் சில பில்கள் கொழும்பில் இராது. 'ஒப்புதல் பெறும் தொடர்படியாக்கம்', 'ஒப்புதல் பெறாத தொடர்படியாக்கம்' என்றால் தேர்வு எதைப் பற்றியது என்பது பெயரிலேயே தெரியும்.

கலைச்சொல் விளக்கத்தில் இதையும் கட்டாயம் எழுத வேண்டும்: ஒப்புதல் தருவதற்கு ஒரே ஒரு தொடர்படியை வைத்து, அது நின்றுபோனால், முதன்மையில் எழுதுவதும் நின்றுவிடும். இடையறாமைக்காகச் செய்ததே இடையூறாகும். இரண்டு வைத்து, எது முதலில் ஒப்புதல் தந்தாலும் போதும் என்று அமைப்பதே நல்லது. போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து இதற்கு வழியுண்டு.

சுமைப் பகிர்வு மட்டுமே நோக்கமென்றால் ஒப்புதல் பெறாததே போதும். ஆனால் வாசிப்பை மட்டுமே பகிரலாம். எழுதும் சுமை முதன்மையின் தலையில்தான். இப்போது போட்ட பில்லைத் தொடர்படியில் தேடினால் சிலவேளை இருக்காது. அந்தத் தாமதத்துக்குப் 'பின்தங்கல்' எனக்குப் பிடித்திருக்கிறது.

முதன்மை விழுந்ததும் தொடர்படி அந்த இடத்துக்கு வருவது 'பொறுப்பேற்பு'. தொடர்பு அறுந்து இரண்டுமே தம்மை முதன்மை என்று எண்ணி எழுதத் தொடங்குவது 'இரட்டைத் தலைமை'. அப்புறம் எந்தப் பில் சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. 'தருக்கத் தொடர்படியாக்கம்' என்பது பொருளைக் காட்டவில்லை. வேண்டிய அட்டவணைகளை மட்டும் தேர்ந்து அனுப்பலாம் என்பதை வைத்து யாராவது ஒன்று தாருங்கள்.