மறுமொழி: திரும்பத் திரும்ப நின்று படமெடுக்கும் இடத்துக்கு ஒரு சொல்

வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத நேரம் வாய்க்கவில்லை. சிற்றூர்க் காட்சி ஒன்றை வெயிலிலும் மழையிலும் பனியிலும் ஒரே இடத்தில் நின்று ஆண்டு முழுக்கப் படமெடுக்கும் வேலைக்குப் பெயர் கேட்டிருந்தார்கள். இதுவரை வந்தவை: மீள்படம், மறுபடம், பருவப்படம், காலத்தொடர்படம்.

நான்குமே எடுத்த படத்துக்குப் பெயர் வைக்கின்றன. எனக்கென்னவோ முதலில் பெயர் வேண்டியது நாம் நிற்கும் இடத்துக்குத்தான் என்று தோன்றுகிறது. அந்தச் சொல் அமைந்துவிட்டால் மற்றவை அதன் பின்னாலேயே வரும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் எடுத்துக்கொண்டிருக்கும் இடம் ஊர் முடிகிற விளிம்பில் இருக்கிறது. மண்பாதை வளையும் இடத்தில் ஒரு வேலிக்கல், பக்கத்தில் ஒரு மரம், அப்பால் வயல், வயலின் கோடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை. முதல் படத்தில் மரத்தின் அடித்தண்டு கொட்டகையின் இடது மூலையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நான்கு மாதம் கழித்து, நல்ல மழை விட்ட ஒரு காலையில் போனேன். 'இங்கேதானே நின்றோம்' என்று நின்று எடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், மரம் கொட்டகையின் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறது! மரம் எங்கே போகும்? நான்தான் இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்து நின்றிருக்கிறேன்.

ஓர் அடிக்கு இவ்வளவா என்று கணக்குப் போட்டேன். மரம் என்னிடமிருந்து 5 மீட்டர், கொட்டகை 100 மீட்டர். நான் 30 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளினால், கொட்டகைச் சுவரின் மீது மரம் 5.7 மீட்டர் வலப்பக்கம் தாவும். அருகில் இருப்பதற்கும் தொலைவில் இருப்பதற்கும் உள்ள உறவை நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. லென்ஸை மாற்றினாலும் ஜூம் செய்தாலும் ஓரங்களைக் கத்தரித்தாலும் அது மாறாது. கைப்பேசியின் ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். திறந்தவெளியிலேயே அது சுமார் 5 மீட்டர் வரை தவறும். ஓர் அடிக்கே காட்சி கலைகிறபோது 5 மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இப்போது வந்திருக்கும் சொற்களைப் பார்ப்போம்.

மீள்படம் நல்ல சொல். ஆனால் அதற்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. வேறு யாரோ எப்போதோ எடுத்த படத்தின் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதே காட்சியை மீண்டும் எடுப்பது ஒரு தனித்துறை. ஜெர்மானியக் கணிதவியலாளர் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் 1880களின் கடைசியில் ஆல்ப்ஸ் பனியாறுகளைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து அளந்ததிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. 1977 முதல் 1979 வரை அமெரிக்க ஒளிப்படக்காரர் மார்க் கிளெட்டும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மேற்குப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டு நில ஆய்வுப் பயணங்களில் எடுக்கப்பட்ட படங்களின் இடங்களுக்குத் தேடிப் போனார்கள். பழைய படத்தின் நிழலைப் பார்த்து எந்தப் பருவம், எந்த நேரம் என்று கணித்து, அதே ஒளிக்காகக் காத்திருந்து எடுத்தார்கள். அவர்கள் தேடியது அதே ஒளியை. பருவம் மாற மாற எடுக்கும் நாம் ஒவ்வொரு முறையும் வேறு ஒளியைத் தேடிப் போகிறோம். மீள்படத்தை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

மறுபடம் என்றால் நகல் என்று தோன்றுகிறது. தவிர, 'மறுபடத்தை மறுபடி எடுத்தேன்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பருவப்படம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கண்காட்சி வாசலில் அந்தப் பெயரைப் போட்டால் வருகிற கூட்டம் வேறு எதையோ எதிர்பார்த்து வரும். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், பருவம் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. தமிழ் மரபு கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்தது ஒரு நிலப்பகுதியைப் பார்த்து. இலையுதிர்காலமும் உறைபனியும் உள்ள நாட்டில் இருந்துகொண்டு தமிழில் குறிப்பு எழுதுபவர் 'கூதிர்' என்ற கட்டத்தில் எதைப் போடுவார்?

காலத்தொடர்படம் என்றால் டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைச் சேர்த்து வேகமாக ஓட்டிக் காட்டுவது) என்றே புரிந்துகொள்வார்கள். அதில் பொதுவாகக் கேமரா நகர்வதே இல்லை. காடுகளும் வயல்களும் எப்போது தளிர்க்கின்றன, எப்போது உதிர்க்கின்றன என்று பார்க்க 2008 முதல் இயங்கிவரும் ஃபீனோகேம் வலையமைப்பில் கம்பத்தில் பொருத்திய கேமராக்கள் அரைமணிக்கொரு படம் எடுக்கின்றன. அங்கே நின்ற இடம் தவறும் என்ற கவலையே கிடையாது. நம் கேமரா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. சிக்கலே அந்தப் போக்குவரத்தில்தான்.

> இடம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே பெயரில் காலம் இருந்தே தீர வேண்டும்.

இதை எழுதிய அக்காவுக்கு: நேரம் ஒன்றாக இருக்கவே இருக்காது. கடிகாரத்தில் வேண்டுமானால் இருக்கலாம். ஜூன் 21ஐ ஒட்டிக் கிழக்குக்கு வடக்கே தள்ளி உதிக்கும் சூரியன், டிசம்பர் 21ஐ ஒட்டித் தெற்கே தள்ளிப் போய்விடுகிறது. நிலநடுக்கோட்டிலேயே இந்த வீச்சு 47 பாகை. 50 பாகை அகலாங்கில் (அட்சரேகையில்) 76 பாகைக்குப் பக்கம் வரும். ஒரு மாதத்தில் கொட்டகையின் முகத்தில் விழுந்த காலை வெயில் இன்னொரு மாதத்தில் அதன் விலாவில் விழும். மேகத்தையும் காற்றையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனையும் மாறும்போது மாறாமல் நம் கையில் இருப்பது கால் வைக்கும் இடம் ஒன்றுதான். பெயரும் அதையே பற்றிக்கொள்ளட்டும்.

சரி, இடத்துக்கு என்ன சொல்? காட்சிமுனை என்றால் மலைப்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் இடம். நமக்கு வேண்டியது அகலமான மேடை இல்லை, ஒரு புள்ளி. நிலைப்புள்ளிக்குக் கணிதத்தில் வேறு பொருள் உண்டு, வம்பு வேண்டாம். தரிப்பிடம் என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்தது. ஆனால் இலங்கையில் அது வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அன்றாடம் புழங்கும் சொல். 'அந்தத் தரிப்பிடத்தில் படமெடுத்தேன்' என்றால் பேருந்தைத்தான் எடுத்தேன் என்று நினைப்பார்கள்.

என் முன்மொழிவு: ஊன்றிடம்.

வாழும் இடம் வாழிடம் ஆனது போல ஊன்றும் இடம் ஊன்றிடம். டிரைபாடின் கால்களை ஊன்றும் இடம். குடை ஊன்றுகிறோம், கம்பு ஊன்றுகிறோம், பந்தல்கால் ஊன்றுகிறோம். சும்மா நிற்பதற்கும் ஊன்றி நிற்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ் தெரிந்த யாருக்கும் விளங்கும்.

இதிலிருந்து மற்றவற்றைக் கட்டலாம். ஒரே ஊன்றிடத்திலிருந்து எடுத்த படங்களின் வரிசை ஊன்றிடத் தொடர். ஒவ்வொரு முறையும் எழுதி வைப்பது ஊன்றிடக் குறிப்பு. என் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்:

"ஊன்றிடம் 3. வேலிக்கல்லின் வடமுகத்திலிருந்து பாதைப் பக்கம் இரண்டடி. லென்ஸ் உயரம் 142 செ.மீ. குவியத்தூரம் 35 மி.மீ. ஒட்டுக்குறி: மரத்தண்டின் வலவிளிம்பு, கொட்டகையின் இடமூலை. மந்தாரம். தூறல் நின்று கால்மணி நேரம்."

ஒட்டுக்குறி என்பதும் நானாக வைத்துக்கொண்டதுதான். அருகில் உள்ள ஒன்றும் தொலைவில் உள்ள ஒன்றும் படத்தில் ஒட்டி நிற்பதுபோல் தெரியும் இடம் அது. மறுமுறை போகும்போது முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஒட்டு விழும்வரை இப்படியும் அப்படியும் அங்குலம் அங்குலமாக நகர வேண்டியதுதான். மரமானால் தண்டைத்தான் குறியாகக் கொள்ள வேண்டும், இலைக்கூட்டத்தை நம்பக் கூடாது. தழைத்தபோது பார்த்த விளிம்பு உதிர்ந்தபோது இருக்காது. பயிரும் அப்படியே. நடவின்போது தெரிந்த வரப்பு கதிர் வந்ததும் காணாமல் போகும். நான் முதலில் வரப்பைத்தான் குறியாக வைத்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

மூடுபனியில் இந்த ஒட்டுக்குறியும் கைவிட்டுவிடும். வானிலைக் கணக்கில் பார்வைத்தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் அது மூடுபனி. அடர்ந்த நாளில் 100 மீட்டரில் இருக்கும் கொட்டகையே தெரியாது. ஒட்டுவதற்குத் தொலைவில் ஒன்றுமே இல்லாதபோது, வேலிக்கல்லிலிருந்து இரண்டடி என்று தரையில் அளந்து வைத்ததுதான் கைகொடுக்கும். அன்றைக்குத்தான் எனக்கு இந்தச் சொல் மண்ணில் கால் பதித்ததாக இருக்க வேண்டும் என்று பட்டது. மங்கலான வெண்மைக்குள் வேலிக்கல்லையும் அரை மரத்தையும் மட்டும் எடுத்தேன். வரிசையில் வைத்துப் பார்த்தால் இல்லாத கொட்டகை எங்கே இருக்க வேண்டும் என்று கண் தானாகவே தேடுகிறது. இடம் பிசகியிருந்தால் அது வெறும் பனிப்படமாகப் போயிருக்கும்.

வானிலைப் பத்திக்குப் புதுச்சொல் எதையும் தேட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மந்தாரம், ஊமைவெயில், இளவெயில், தூறல், சாரல், அடைமழை எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஊமைவெயில் என்ற ஒரே சொல்லில், நிழலின் ஓரம் மழுங்கியிருக்கும், வானம் வெளிறியிருக்கும் என்று படமெடுப்பவருக்கு எல்லாம் வந்துவிடுகிறது. பனி ஒன்றுதான் தொல்லை. புல்லில் இருப்பதும் பனி, காற்றில் மிதப்பதும் பனி, வானத்திலிருந்து கொட்டிக் குவிவதும் பனி. குறிப்பில் வெறுமனே 'பனி' என்று எழுதினால் பின்னால் யாருக்கும் பயன்படாது. குவிந்த வெண்பனியைக் கேமராவின் ஒளிமானி நடுச்சாம்பல் என்று எண்ணி இருட்டாக்கிவிடும், ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் படி) வரை கூட்டி எடுக்க வேண்டும். மூடுபனியிலும் கொஞ்சம் கூட்ட வேண்டும். புல்லின் பனித்துளிக்கு ஒன்றும் கூட்ட வேண்டாம், முழங்காலை நனைத்துக்கொண்டால் போதும். ஆகவே பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று பிரித்தே எழுதுவோம்.

ஊன்றிடம் பற்றி, சொல்லாக்கத்தைப் பார்க்கும் ஐயா என்ன சொல்வாரோ என்று கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

---

தம்பி,

பயப்படும்படி ஒன்றும் இல்லை. படித்ததும் இரண்டு கேள்விகள் எழுந்தன.

ஒன்று, புணர்ச்சி. பொன் + தீது பொன்றீது ஆவதுபோல ஊன் + திடம் என்றாலும் ஊன்றிடம்தான். உடம்பில் வலுவுள்ளவர் நின்று எடுக்கும் இடம் என்று எவனாவது பிரித்துக் காட்டினால் என்ன செய்வீர்கள்? விளையாட்டுக்குச் சொல்கிறேன், ஆனால் சொல்லாக்கத்தில் இதையும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு, இது விளையாட்டில்லை. எல்லாருமா டிரைபாட் வைத்திருக்கிறார்கள்? கையில் கைப்பேசியோடு போகிறவர் எதை ஊன்றுவார்? இருப்பிடம் போல நிற்பிடம் என்று வைத்தால் குழந்தைக்கும் புரியும்.

---

ஐயா,

ஊன் திடம் எனக்குத் தோன்றவே இல்லை! விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்த பிறகு அந்தப் பிரிப்பும் பொருத்தம்தான்.

நிற்பிடம் எளிது, ஒத்துக்கொள்கிறேன். பொதுவாசகருக்கு எழுதும் கட்டுரையில் நானே அதைப் போடுவேன். ஆனால் கையால் எடுப்பவரும் காலை ஊன்றித்தானே நிற்கிறார்? மண்டியிட்டு எடுப்பவர் முழங்காலை ஊன்றுகிறார், வரப்பில் படுத்து எடுப்பவர் முழங்கையை ஊன்றுகிறார். அவர்களுடைய இடத்தை நிற்பிடம் என்று சொல்ல முடியாது. லென்ஸின் உயரம் மாறினாலும் காட்சி கலையும் என்பதால், நின்றோமா மண்டியிட்டோமா என்பது குறிப்பில் எழுத வேண்டிய செய்தி. அதைப் பெயரிலேயே நின்றது என்று முடிவு செய்துவிட்டால் குறிப்பு பொய்யாகிவிடும்.

அதனால் பதிவுகளுக்கு ஊன்றிடத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அறுப்பு முடிந்ததும் திரும்ப அங்கே போகிறேன், வரப்பு மறுபடி தெரியும்.

அப்புறம் ஒன்று. ஊன்றிடத்தை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்ததில் ஒட்டுக்குறியைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. மரத்தில் ஒட்டுக்கட்டுகிறவர்கள் அந்தச் சொல்லை வேறு எதற்காவது வைத்திருக்கிறார்களா?